ஒரு நம்பருக்கு ஒரு ஆள்

ஹில்டாவோடு பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்து போனவர்களுக்கு இது தெரியும். பாதி வழியில் சட்டென்று நின்றுவிடுவாள். "கேஸை மூடினேனா?" என்று நம்மிடம் கேட்பாள். நமக்கு எப்படித் தெரியும்? திரும்பிப் போய்ப் பார்ப்பாள், மூடித்தான் இருக்கும். அப்புறம் பூட்டு ஞாபகம் வரும், அதற்கு இன்னொரு நடை. கல்யாணமான புதிதில் அவள் கணவன் பிரிட்டோ இதைக் கிண்டல் செய்தான். பிறகு கொஞ்ச காலம் சண்டை போட்டான். இப்போதெல்லாம் மூடின அடுப்பையும் பூட்டின கதவையும் போனில் படம் எடுத்து அவனே அவளுக்கு அனுப்பிவிடுகிறான். மகள் ஏஞ்சல் காலேஜ் போய்ச் சேர்ந்ததும் ஒரு மிஸ்டு கால் கொடுத்தாக வேண்டும். அது வராத நாளில் ஹில்டாவுக்கு மத்தியானச் சோறு இறங்காது.

இப்படிப்பட்ட ஒருத்தி பிழைப்புக்கென்று பிடித்துக்கொண்ட வித்தையைச் சொன்னால் சிரிப்பீர்கள். வேலை சரியாக முடிந்தால் வாயே திறக்காத கம்ப்யூட்டர் கட்டளைகள்தான் அவளுடைய வித்தை.

அகரம்தென்னில் பிறந்தவள். அப்பா சவுரிமுத்து ரயில்வே பணிமனைக்காரர். படித்து முடித்ததும் தாம்பரம் சானடோரியத்தில் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். வெளிநாட்டுப் பதிப்பகங்களின் புத்தகங்களைக் கம்ப்யூட்டருக்கு ஏற்ற மாதிரி மாற்றிக் கொடுக்கும் கம்பெனி. மவுஸைத் தொடாமல், கறுப்புத் திரையில் ஒரு சொல்லைத் தட்டி வேலை வாங்கும் பழக்கம் அங்கேதான் அவளுக்கு ஒட்டிக்கொண்டது. கிரெப் என்று ஒன்று. மலை மாதிரி இருக்கும் கோப்பிலிருந்து நாம் கேட்ட சொல் வருகிற வரிகளை மட்டும் பொறுக்கிக் கொடுக்கும். சார்ட் என்று ஒன்று; கலைந்து கிடக்கும் வரிகளை வரிசைப்படுத்தும், கேட்டுக்கொண்டால் ஒரே மாதிரி இருப்பதில் முதலாவதை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழித்தும் விடும். மொத்தம் எத்தனை வரி என்று எண்ணிச் சொல்ல இன்னொன்று. எல்லாம் இலவசம். யாரோ புண்ணியவான்கள் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று ஊருக்கு விட்டவை.

ஆனால் இந்தக் கட்டளைகளுக்கு ஒரு குணம் உண்டு. தப்பாகத் தட்டினால் கத்தும். சொன்னபடி முடித்துவிட்டால் ஒரு 'ஆச்சு' கூடச் சொல்லாது. சும்மா அடுத்த கட்டளைக்குக் காத்து நிற்கும். ஆரம்பத்தில் அந்த மௌனம் ஹில்டாவின் உயிரை எடுத்தது. ஒவ்வொரு தடவையும் முன்னால் எத்தனை வரி, பின்னால் எத்தனை வரி என்று எண்ணிப் பார்த்துக்கொள்வாள். மூலக் கோப்பை அழிக்கவே மாட்டாள். பிரதிக்குப் பிரதி எடுத்து வைப்பாள். கம்பெனியில் அவளுக்கு 'நகல் ஹில்டா' என்றே பெயர்.

அந்தக் கம்பெனி ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்டு போயிற்று. சேலையூரில் ஒரு கண் அறக்கட்டளையில் வேலை கிடைத்தது. கேம்ப் ரோட்டில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் ஆபீஸ். கொஞ்ச தூரம் தள்ளி அவர்களுடைய சிறிய ஆஸ்பத்திரி. மேனேஜர் அனந்தகிருஷ்ணன், பாங்கில் ரிட்டையர் ஆனவர், சிட்லபாக்கத்துக்காரர். காலையில் ஏரியைச் சுற்றி நடந்துவிட்டு, திருநீறும் இஸ்திரி போட்ட சட்டையுமாக வந்து உட்காருவார். நல்ல மனுஷர். யாருக்கும் கெட்ட பெயர் வந்துவிடக் கூடாது என்று நினைப்பவர், முதலில் தனக்கு. கம்ப்யூட்டர்கள் எல்லாம் யாரோ தானம் கொடுத்த பழசு. பெரிய கோப்பு எதையாவது திறந்தால் திரை அப்படியே உறைந்து நிற்கும். ஹில்டா வந்து தன்னுடைய இலவசக் கட்டளைகளைப் போட்டு அந்தக் கிழட்டு மெஷின்களை ஓட விட்டாள். அனந்தகிருஷ்ணன் சாருக்கு ஒரே சந்தோஷம்.

அறக்கட்டளை ஊர் ஊராகக் கண் முகாம் போடும். தொண்டர்கள் பெயர், வயது, ஊர், போன் நம்பர், டாக்டர் குறிப்பு என்று ஆளுக்கொரு வரியாகத் தட்டி அனுப்புவார்கள். எல்லா ஊர்க் கோப்பையும் ஹில்டா ஒன்றாகச் சேர்ப்பாள். இதில் ஒரு தொல்லை. கூடுவாஞ்சேரி முகாமில் பதிந்தவரே, சீக்கிரம் கூப்பிடுவார்களோ என்ற நப்பாசையில் சேலையூரிலும் வந்து பதிவார். பெயரை வைத்து ஆளைப் பிடிக்க முடியாது, ஒவ்வொரு தொண்டர் ஒவ்வொரு விதமாக எழுதுவார். நம்பர் மாறாது. ஆகவே ஒரே நம்பரில் ஒரு வரியை வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கழித்துவிடும்படி சார்ட்டிடம் சொல்லிவிடுவாள். அப்புறம் 'அவசரம்' என்று டாக்டர் எழுதிய வரிகளை கிரெப் பொறுக்கும். அந்தப் பட்டியல்தான் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போகும். தாம்பரத்தைச் சுற்றி இது வருஷக்கணக்காகப் பிசகாமல் நடந்தது. வீட்டில் இருக்கும் கைக்குழந்தையைத் தவிர எல்லோர் கையிலும் போன் இருக்கிற ஊர்கள் இவை.

புரட்டாசியில் முதல் முறையாகக் கடற்கரைப் பக்கம் ஒரு மீனவர் குப்பத்தில் முகாம் போட்டார்கள். கோப்பு வந்தது, ஹில்டா வழக்கம்போலச் சேர்த்தாள், கழித்தாள், முன்னும் பின்னும் எண்ணினாள். வழக்கத்தைவிட நிறையவே குறைந்திருந்தது. 'அடேயப்பா, இந்தத் தடவை எத்தனை பேர் ரெண்டு ரெண்டு இடத்துல பதிஞ்சிருக்காங்க' என்று நினைத்தாள். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. கேஸுக்கும் பூட்டுக்கும் மிஸ்டு காலுக்கும் பயந்து செத்தவள், பயப்பட வேண்டிய அந்த ஒரு இடத்தில் பயப்படவில்லை.

மழை வந்து போயிற்று. மார்கழியில் ஒரு காலை அனந்தகிருஷ்ணன் சார் காபி டம்ளரோடு வந்து அவள் மேஜை அருகில் நின்றார்.

"ஹில்டா, அந்தக் குப்பத்துக் கேம்ப் சுத்த வேஸ்ட். மொத்தமே ஒரு ஆபரேஷன்தான் நடந்திருக்கு. டோனர்ஸ் கேட்டா என்ன சொல்றது? அடுத்த வருஷம் அந்தப் பக்கமே வேண்டாம்னு பார்க்கறேன்."

"ஒண்ணா சார்?"

"அஞ்சலைன்னு ஒரு அம்மா. அவ்வளவுதான்."

அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். முகாமுக்குப் போன தொண்டர்கள் வெயிலில் முகம் கறுத்துத் திரும்பி வந்து, படகுகளைச் சுற்றி வளைந்து நின்ற கூட்டத்தைப் பற்றி வாய் ஓயாமல் பேசியது ஹில்டாவுக்கு நினைவுக்கு வந்தது. அத்தனை பேரில் ஒருத்தர்தானா?

மூலக் கோப்பைத் திறந்தாள். குப்பத்து வரிகள் அஞ்சலையில் தொடங்கின. அவளுக்கு நேரே ஒரு நம்பர். அடுத்த வரியிலும் அதே நம்பர். அதற்கடுத்ததிலும். கீழே நகர்த்த நகர்த்த அதே நம்பர் திரை முழுக்க இறங்கிக்கொண்டே போயிற்று. பெயர் வேறு, வயது வேறு, நோய் வேறு, எல்லாம் பெண்கள். நடுவில் ஒரு வரியில் பூவம்மாள் என்று இருந்தது, அடைப்புக்குள் 'போன் இவர்களுடையது' என்று யாரோ தொண்டர் பொறுப்பாகக் குறித்திருந்தார்.

அப்போதுதான் விளங்கிற்று. குப்பத்துப் பெண்களுக்கு நம்பர் என்றால் பூவம்மாள் நம்பர்தான். சேர்ந்து ஒரே வண்டியில் மீன் விற்கப் போகிறவர்கள், யாருக்கு என்ன சேதி என்றாலும் பூவம்மாளுக்குப் போன் போட்டால் போதும், தெருவுக்கே போய்ச் சேரும். கேட்ட இடத்தில் எல்லோரும் அதையே கொடுத்திருக்கிறார்கள். சார்ட் வரிசையில் முதலாவதாக நின்ற அஞ்சலையை வைத்துக்கொண்டு, மிச்ச அத்தனை பேரையும் சத்தமில்லாமல் கழித்துவிட்டது. கழிக்கச் சொன்னவள் ஹில்டா.

மூலக் கோப்பில் குப்பத்து வரிகளில் மட்டும் 'அவசரம்' தேடினாள். ஒரே ஒரு வரி வந்தது.

தனம். வலது கண் அழுத்தம் மிக அதிகம். இடதிலும் ஆரம்பம். சொட்டு மருந்து இரண்டு வாரத்துக்குத் தரப்பட்டது. அதற்குள் கட்டாயம் வரவேண்டும். அவசரம்.

கண் புரை என்றால் ஆறு மாதம் பொறுக்கலாம், ஒரு வருஷம்கூடப் பொறுக்கலாம். அழுத்தம் அப்படி இல்லை. போன பார்வை போனதுதான், எந்த ஆபரேஷனும் அதைத் திருப்பிக் கொண்டுவராது. இத்தனை வருஷம் அந்த ஆபீஸில் இருந்து ஹில்டா தெரிந்துகொண்டது அது. எழுதியது புரட்டாசி. இப்போது மார்கழி.

நம்பரைப் போட்டாள். சுவிட்ச் ஆஃப். மறுபடி போட்டாள். எத்தனை தடவை போட்டாளோ, அதே குரல் அதே பதிலைச் சொல்லிற்று.

நேரே அனந்தகிருஷ்ணன் சாரிடம் போய் நின்றாள். "சார், குப்பத்துல ஆள் வராம இல்ல. நான்தான் கழிச்சிட்டேன்" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

"சரி, பதறாதீங்கோ. அடுத்த முகாம்ல புதுசா பதிஞ்ச மாதிரி எல்லாரையும் சேர்த்துடலாம். யாருக்கும் தெரிய வேண்டாம். டிரஸ்டி காதுக்குப் போனா உங்களுக்கும் நல்லதில்ல, எனக்கும் நல்லதில்ல."

"சார், ஒருத்தங்களுக்கு அவசரம்னு எழுதியிருக்கு. கண் அழுத்தம்."

"எப்ப எழுதினது?"

"மழைக்கு முன்னாடி சார்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். போகச் சொல்லவும் இல்லை, வேண்டாம் என்று தடுக்கவும் இல்லை. ஹில்டா பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

மேடவாக்கம் வரை ஒரு பஸ், சோழிங்கநல்லூருக்கு ஒரு பஸ். மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்ட ரோட்டில் பஸ் அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. ஹில்டா தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு வந்தாள். கண் வலித்தால் சும்மா இருப்பார்களா? ஜி.எச்.சுக்குப் போயிருப்பாள். மகன் இருப்பான், மருமகள் இருப்பாள், யாராவது கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள். டாக்டரே கொஞ்சம் கூட்டித்தான் எழுதியிருப்பார், டாக்டர்கள் அப்படித்தான். ஒவ்வொரு சமாதானமும் ஒரு சிக்னல் வரைக்கும் தாங்கிற்று. 'மாதாவே, அந்தம்மா வேற ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கணும்' என்று வேண்டிக்கொண்டாள். தன் வேலை போகுமே என்ற பயம் அவளுக்கு வரவேயில்லை. அது வந்திருந்தால்கூடச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

குப்பத்தில் பூவம்மாள் வீட்டைக் கேட்டதும் சின்னப் பிள்ளைகள்கூடக் கை காட்டின. வியாபாரம் முடித்து வந்து, வாசலில் அலுமினியச் சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள் ஒரு வாட்டசாட்டமான அம்மா.

"யாரும்மா நீ? இன்னா வோணும்?"

"பூவம்மாக்கா நீங்கதானே? சேலையூர் கண் ஆஸ்பத்திரியிலேருந்து வர்றேன். உங்க போன் சுவிட்ச் ஆஃப்னே வருதுக்கா."

"ஐய, அது தண்ணில வுயுந்து பூட்ச்சி. ரிப்பேருக்குக் குட்த்துகீது." பூவம்மாள் சட்டியைப் போட்டுவிட்டு எழுந்தாள். "கூப்ட்டீங்களா? நல்லாகீதே! அதுக்குத்தான் தெனம் தனம் வந்து, போன் வந்துச்சா போன் வந்துச்சான்னு என் உசுர எடுத்துகினு கீது. ஏ தனம்! ஆஸ்பத்திரிலேர்ந்து ஆளே வந்துகீது!"

பக்கத்து வீட்டுச் சுவரோரம் நிழலில் ஒரு பெண் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். கூப்பிட்ட குரலுக்கு நிமிர்ந்து பார்த்தாள். வலது பக்கம் நின்ற ஹில்டாவைப் பார்க்க அவள் கழுத்தை முழுசாகத் திருப்ப வேண்டியிருந்தது. அதைப் பார்த்ததுமே ஹில்டாவின் சமாதானங்கள் எல்லாம் கலைந்து போயின.

"என் பேர் வந்துட்ச்சா?" என்றாள் தனம். முகமெல்லாம் சிரிப்பு.

ஹில்டா அவள் எதிரே போனாள். மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "வரலைக்கா. உங்க பேர் வரவே வராது. நான்தான் எடுத்துட்டேன்" என்றாள். ஒரு நம்பருக்கு ஒரு ஆள் என்று வைத்துக் கழித்ததை, முடிந்த அளவு எளிதாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல பூவம்மாளின் முகம் சிவந்துகொண்டே வந்தது.

"இன்னாம்மா பேசற நீ? ஒரே நம்பர்னா ஒரே ஆளா? ஒரே அடுப்புல சோறு பொங்கினா ஒருத்திதான் துன்றாளா? அன்னிக்கு உங்க ஆளுங்கதானே நம்பர் கேட்டாங்க? போன் கீறவ நம்பரைத்தானே சொல்ல முடியும்! அஞ்சலயக் கூப்ட்டப்போகூட நான் கேட்டேனே, மத்தவங்க இன்னா ஆச்சுன்னு. லிஸ்ட்ல பேர் வந்தா கூப்டுவோம்னு ஒரு பொண்ணு சொல்ச்சே!"

சொன்னது சினேகா, ஆபீஸில் போன் பேசுகிற பெண். ஹில்டா கொடுத்த பட்டியலைப் பார்த்துத்தான் அவள் அப்படிச் சொல்லியிருப்பாள். ஹில்டா தனத்தின் பக்கம் திரும்பினாள். "அக்கா, ஏன் ஜி.எச்.சுக்குப் போகலை?" என்று கேட்டாள். கேட்கும்போதே தனக்கு அந்த உரிமை இல்லை என்று பட்டது.

தனம் இறால் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "இங்க பேர் எய்திக்கினாங்கல்ல. வேற எட்த்துக்குப் போனா இங்க பேர அட்ச்சிடுவாங்கன்னு கூட்டத்துல சொன்னாங்க. அதான் சொட்டு மருந்த ஒண்ணுவுட்டு ஒருநாள் போட்டு, ரொம்ப நாளைக்கு வெச்சிகினேன்."

பூவம்மாள் திட்டுவதை நிறுத்திவிட்டாள். ஹில்டாவுக்கு அவள் திட்டிக்கொண்டே இருந்திருக்கலாம் என்று இருந்தது.

ஆட்டோ பிடித்து மூன்று பேரும் சேலையூர் வந்தார்கள். வழியெல்லாம் தனம் பேசிக்கொண்டே வந்தாள். அஞ்சலைக்கு இப்போது நூல் கோக்க வருகிறதாம், வலையில் சின்ன ஓட்டைகூடத் தெரிகிறதாம். ஆபரேஷன் ஆனதும் தனக்கும் அப்படித்தானே என்று கேட்டாள். ஹில்டா ரோட்டைப் பார்த்தபடி, "டாக்டர் பார்க்கட்டும்கா" என்றாள். பூவம்மாள் அவளை ஒரு பார்வை பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது போலிருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சத்யப்ரியா கிளம்பத் தயாராக இருந்தார். ஹில்டா வராந்தாவிலேயே அவரை நிறுத்தி, எதையும் மறைக்காமல் சொல்லிவிட்டாள். குப்பத்துக் கோப்பை முழுசாக இன்றே அனுப்புகிறேன், எல்லோரையும் கூப்பிட வேண்டும், டிரஸ்டியிடமும் நானே சொல்லிக்கொள்கிறேன் என்றாள். டாக்டர் திட்டவில்லை. "அவங்களை உள்ள கூட்டிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார்.

மெஷினில் முகத்தை வைத்துப் பார்த்தார். அழுத்தம் அளந்தார். மறுபடி அளந்தார். இடது கண்ணைப் பற்றி, "இதுல பார்வை இன்னும் இருக்கு. இந்த வாரமே ஆபரேஷன் செஞ்சிடலாம், காப்பாத்திடலாம்" என்றார். பூவம்மாள் பெரிதாக மூச்சு விட்டாள். ஹில்டா விடவில்லை. வலது கண்ணைப் பற்றி டாக்டர் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

டாக்டர் நாற்காலியைத் தனத்துக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒரு அட்டையால் இடது கண்ணை மூடினார்.

"அம்மா, இப்ப வலது கண்ணால மட்டும் பாருங்க. என் கையில எத்தனை விரல்னு சொல்லணும். அவசரமே இல்ல, நிதானமாச் சொல்லலாம்."

தனம் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். எங்கே தெரியவில்லை என்று சொன்னால் பெயரை அடித்துவிடுவார்களோ என்று அவள் பயப்படுவது ஹில்டாவுக்குத் தெரிந்தது. அந்தப் பயத்தை அவளால் எந்தக் கூட்டத்திலும் அடையாளம் கண்டுவிட முடியும்.

"மூணு" என்றாள் தனம், சத்தமாக.

டாக்டர் இன்னும் கையைத் தூக்கவே இல்லை.